பின்வாங்க வழி செய்து தந்தவர்: ஊ தாண்ட்

கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங்கை ஒட்டி, தூதரகங்களும் தூதர்களின் இல்லங்களும் நிறைந்த வட்டாரத்தில், ஜாலான் ஊ தாண்ட் என்றொரு சாலை இருக்கிறது. உயரமான மதில்கள், காவலர் கூண்டுகள், வெளிநாட்டுக் கொடிகள், சாலைக்கு மேல் கவிந்து நிற்கும் பழைய மரங்கள் ஆகியவற்றைத் தாண்டி அங்கு பார்ப்பதற்கு அதிகமில்லை. வீட்டு வாடகையைக் கேட்டால் நம்மைப் போன்றவர்களுக்குத் தலை சுற்றும். கிராப் ஓட்டும் என் நண்பர் ஒருவர், நாள்தோறும் அந்த வழியாகப் போய் வருபவர், அந்தப் பெயருக்குரியவர் பழைய காலத்துச் சீன ஈயச் சுரங்க முதலாளி என்றே நினைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. மலேசியா என்ற கூட்டரசு பிறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, அது பிறப்பதில் நியாயம் உண்டு என்று நியூயார்க்கிலிருந்து எழுதிக் கையெழுத்திட்ட பர்மியர் ஒருவரைப் பற்றி நாம் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். மலாயா, சிங்கப்பூர், சரவாக், சபா ஆகியவை இணைந்து 1963 ஆகஸ்ட் 31 அன்று மலேசியா உருவாக வேண்டும் என்பது முதல் திட்டம். இந்தோனேசியா அதைக் காலனி ஆதிக்கத்தின் சூழ்ச்சி என்று எதிர்த்தது. பிலிப்பீன்ஸ் சபாவின் மீது தனக்கு உரிமை உண்டு என்றது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மணிலாவில் கூடிய மலாயாவின் துங்கு அப்துல் ரஹ்மான், இந்தோனேசியாவின் சுகர்ணோ, பிலிப்பீன்ஸின் மக்கபகால் ஆகிய மூன்று தலைவர்களும், சரவாக், சபா மக்களின் விருப்பத்தை ஐ.நா. பொதுச்செயலாளரே நேரில் அறிந்து சொல்லட்டும் என்று ஒப்புக்கொண்டனர். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ஊ தாண்ட். அவர் லாரன்ஸ் மிச்செல்மோர் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பினார். அக்குழு இரண்டாகப் பிரிந்து சரவாக்கிலும் சபாவிலும் ஊர் ஊராகச் சென்று, கட்சிக்காரர்கள், இனத் தலைவர்கள், ஊர்ப் பெரியவர்கள், எதிர்ப்பாளர்கள் எனப் பலரையும் கேட்டது. அண்மையில் நடந்த தேர்தல்களில் மலேசியா உண்மையிலேயே முக்கியக் கேள்வியாக இருந்ததா, வாக்காளர் பட்டியல் ஒழுங்காகத் தயாரானதா, சிறையில் இருந்தவர்களும் ஊரில் இல்லாதவர்களும் வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்றெல்லாம் ஆராய்வதே அதன் பணி.

இடையில் கோலாலம்பூர் பொறுமை இழந்தது. குழு இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 29 அன்று, செப்டம்பர் 16 இல் மலேசியா உதயமாகும் என்று நம் அரசு அறிவித்துவிட்டது. தீர்ப்பு வருவதற்கு முன்பே கல்யாணப் பத்திரிகை அச்சடித்தது போன்ற இந்தச் செயல் ஜகார்த்தாவுக்கு நல்ல சாக்காக அமைந்தது. செப்டம்பர் 14 அன்று ஊ தாண்ட் தம் முடிவை வெளியிட்டார். இரு நிலப்பகுதிகளின் மக்களிலும் கணிசமான பெரும்பான்மையினர் மலேசியாவில் சேரவே விரும்புகின்றனர், அதில் தமக்கு ஐயமில்லை என்று அவர் எழுதினார். அதே அறிக்கையில், தாம் முடிவு சொல்வதற்கு முன்பே தேதி குறித்த செயல் தவறான புரிதலையும் குழப்பத்தையும் மனக்கசப்பையும் உண்டாக்கியது என்றும் வெளிப்படையாகக் கண்டித்தார். நமக்குச் சாதகமான தீர்ப்பும் நமக்கு விழுந்த குட்டும் ஒரே தாளில் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் நாம் முதல் பாதியை மட்டும் படித்தோம். என்னைப் பொறுத்தவரை இரண்டாம் பாதி இருப்பதால்தான் முதல் பாதி நம்பத்தக்கதாகிறது. அந்தக் குழு மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு நடத்தவில்லை, கால அவகாசமும் மிகக் குறைவு என்று சரவாக்கிலும் சபாவிலும் இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. மலேசியாவை உருவாக்கிய 1963 ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சு நாடாளுமன்றத்தில் எழும்போதெல்லாம் இந்த வாதமும் எழுகிறது. அந்த ஆட்சேபணையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அன்று வேறு எவரும் அந்த மக்களை அந்த அளவுக்குக் கூடக் கேட்கவில்லை.

ஊ தாண்ட் 1909 ஜனவரி 22 அன்று, ஐராவதி ஆற்றுப் படுகையில் உள்ள பந்தனாவ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை அரிசி வணிகத்தில் ஓரளவு வசதியாக இருந்தவர். மகனுக்குப் பதினான்கு வயதாகும்போது இறந்துபோனார். சொத்துத் தகராறில் குடும்பம் நொடிந்தது. நான்கு பிள்ளைகளில் மூத்தவரான இவர் ரங்கூனில் கல்லூரிப் படிப்பை முழுப் பட்டம் வரை தொடராமல், சொந்த ஊருக்குத் திரும்பிப் பள்ளி ஆசிரியரானார். இளம் வயதிலேயே தலைமையாசிரியராகவும் ஆனார். கல்லூரியில் கிடைத்த நண்பர் ஊ நூ, பின்னாளில் சுதந்திர பர்மாவின் பிரதமரானபோது, இவரைத் தகவல் துறைக்கு அழைத்து, பிறகு தம் செயலாளராக வைத்துக்கொண்டார். 1955 இல் பாண்டுங்கில் ஆசிய ஆப்பிரிக்க மாநாடு நடந்தபோது அதன் செயலாளர் பொறுப்பு இவரிடமே இருந்தது. 1957 முதல் ஐ.நா.வில் பர்மாவின் நிரந்தரப் பிரதிநிதி. 1961 செப்டம்பரில், கொங்கோப் போரை நிறுத்தும் முயற்சியில் சென்றுகொண்டிருந்த அப்போதைய பொதுச்செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் ஆப்பிரிக்காவில் விமான விபத்தில் மாண்டபோது, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒருசேர ஏற்கக்கூடிய ஆள் தேவைப்பட்டது. நவம்பர் 3 அன்று இந்தப் பந்தனாவ் ஆசிரியர் தற்காலிகப் பொதுச்செயலாளரானார். அடுத்த ஆண்டு அது முழுப் பதவியாயிற்று. ஆசியாவிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் மனிதர் அவர். 1971 இறுதி வரை இருந்தார்.

அவருடைய கைவரிசையைப் புரிந்துகொள்ள 1962 அக்டோபரின் கியூபா நெருக்கடியே சிறந்த இடம். சோவியத் அணு ஏவுகணைகள் கியூபாவில் இறங்கியிருந்தன. அமெரிக்கக் கடற்படை தீவைச் சுற்றி வளைத்திருந்தது. சோவியத் கப்பல்கள் அந்த வளையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. அக்டோபர் 24 அன்று ஊ தாண்ட் அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருசேவுக்கும் ஒரே மாதிரியான கடிதங்களை அனுப்பினார். இரண்டு மூன்று வாரங்களுக்குக் கப்பல்களில் ஆயுதம் அனுப்புவதையும் முற்றுகையையும் ஒருசேர நிறுத்திவைத்துப் பேசுங்கள் என்பதே கோரிக்கை. தப்பு செய்தவனையும் தடுத்தவனையும் ஒரே தட்டில் வைக்கிறார் என்று வாஷிங்டனில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அன்றிரவே கென்னடி தரப்பு வேறொரு கணக்குப் போட்டது: குருசேவ் தம் கப்பல்களைத் திருப்ப விரும்பினாலும் அமெரிக்காவுக்குப் பயந்து திருப்பியதாகத் தோன்றினால் செய்ய மாட்டார், வேறொருவர் கேட்டால் செய்யலாம். அந்த வேறொருவராக இருக்கும்படி ஐ.நா.வுக்குச் சொல்லி அனுப்பினார்கள். 25 ஆம் தேதி ஊ தாண்ட் இரண்டாவது முறை எழுதினார். இம்முறை கடிதங்கள் ஒரே மாதிரி இல்லை. முற்றுகைப் பகுதியிலிருந்து உங்கள் கப்பல்கள் விலகியிருக்கட்டும் என்பது மாஸ்கோவுக்கு. நேர்மோதலைத் தவிர்க்க இயன்றதையெல்லாம் செய்யுங்கள் என்பது வாஷிங்டனுக்கு. இருவரும் ஏற்றனர். குருசேவ் கென்னடிக்குப் பணியவில்லை, உலக அமைப்பின் வேண்டுகோளுக்கு இசைந்தார். கென்னடி முற்றுகையைக் கைவிடவில்லை, மோதலைத் தள்ளிவைத்தார். இரு தரப்பிலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

பிறகு ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள குருசேவ் சம்மதித்ததும், தன்னைக் கேட்காமலேயே முடித்துவிட்டார்கள் என்று கியூபத் தலைவர் காஸ்ட்ரோ கொதித்தார். அக்டோபர் 30 அன்று ஹவானாவுக்கு நேரில் போய் அந்தக் கோபத்தின் முன்னால் உட்கார்ந்தவரும் ஊ தாண்ட்தான். ஐ.நா. ஆய்வாளர்களை உள்ளே விட காஸ்ட்ரோ மறுத்துவிட்டார். ஆனால் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானத்தின் விமானி மேஜர் ரூடால்ஃப் ஆண்டர்சனின் உடலைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். அடுத்த ஜனவரியில் இரு வல்லரசுகளும் சேர்ந்தே அவருக்கு நன்றிக் கடிதம் எழுதின. ஆனாலும், இரு தலைவர்கள் கண்ணோடு கண் நோக்கி நின்றதில் ஒருவர் இமைத்தார் என்ற கதையே உலகில் நிலைத்தது. மூன்றாவது ஆள் இருந்ததை ஒப்புக்கொண்டால் அந்தக் கதையின் வீரம் குறைந்துவிடும் அல்லவா!

நம் வட்டாரத்திலும் இதே பாணியை அவர் கையாண்டதைப் பலர் கவனிக்கவில்லை. மலேசியா பிறந்த பிறகு இந்தோனேசியாவின் மோதல் நடவடிக்கை முற்றியது. 1964 இல் ஜொகூரின் லாபிஸ் பகுதியில் இந்தோனேசிய வீரர்கள் வான்குடையில் இறங்கினார்கள். நம் அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் கைப்பற்றிய ஆயுதத்தை ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார். ஒன்பது நாடுகள் ஆதரித்த தீர்மானத்தை சோவியத் ஒன்றியம் தன் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. 1965 தொடக்கத்தில் மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் தற்காலிக உறுப்பினரானதும், அதைச் சகிக்காமல் சுகர்ணோ ஐ.நா.வை விட்டே வெளியேறுவதாக அறிவித்தார். ஓர் உறுப்பு நாடு அப்படி வெளியேறுவது அதுவே முதல் முறை. அதற்கு என்ன செய்வது என்று சாசனத்தில் ஒரு விதியும் இல்லை. ஊ தாண்ட் அந்த விலகலுக்கு முத்திரை குத்தவில்லை. நடந்ததற்கு வருந்துகிறோம், உரிய காலத்தில் இந்தோனேசியா மீண்டும் முழு ஒத்துழைப்பைத் தொடரும் என்று நம்புகிறோம் என்று பதில் எழுதிக் கதவைச் சாத்தாமல் வைத்தார். 1966 செப்டம்பரில் புதிய ஆட்சியின் கீழ் இந்தோனேசியா திரும்பி வந்தபோது, புதிதாக மனுப்போட்டுச் சேர வேண்டிய அவமானம் அதற்கு நேரவில்லை. இடையில் ஒத்துழைப்பு நின்றிருந்தது, இப்போது தொடர்கிறது என்று சொல்லித் தன் இடத்தில் போய் அமர்ந்தது. அந்தக் காலத்தில் ஐ.நா.வில் மலேசியாவின் பிரதிநிதியாக இருந்தவர், இங்கு வழக்கறிஞராகப் பெயர் பெற்ற ஆர். ரமணி. 1965 மே மாதம் பாதுகாப்பு மன்றத்துக்கே அவர் தலைமை தாங்கினார். நம்மவர் ஒருவர் அந்த மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டிய கடன் ஒன்று எனக்கு இருக்கிறது.

ஊ தாண்டின் மீது விழுந்த மிகப் பெரிய பழி 1967 ஐச் சேர்ந்தது. சினாயிலும் காசாவிலும் எகிப்தின் சம்மதத்தோடு 1956 முதல் ஐ.நா. படை நின்றிருந்தது. 1967 மே 16 இரவு, அதன் தளபதியான இந்திய ஜெனரல் இந்தர்ஜித் ரிக்கியின் கையில் எகிப்திய அதிகாரி ஒருவர் விலகும்படி கடிதம் கொடுத்தார். 18 ஆம் தேதி எகிப்து முறைப்படியே கேட்டது. அன்றே ஊ தாண்ட் இசைந்தார். எகிப்து அதிபர் நாசரிடம் நேரில் பேசலாம் என்று கெய்ரோவுக்குப் புறப்பட்டவர் போய்ச் சேருவதற்குள், இஸ்ரேலியக் கப்பல்களுக்கு டிரான் நீரிணை மூடப்பட்டதாக அறிவிப்பு வந்துவிட்டது. ஜூன் 5 இல் போர் மூண்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்பார்களே, அப்படி எல்லாப் பழியும் அவர் தலையில் விழுந்தது. சம்மதத்தின் பேரில் நிற்கும் சில ஆயிரம் பேர் கொண்ட படை, சம்மதம் போன பிறகு எதை நம்பி நிற்பது? படைக்கு ஆள் தந்த இந்தியாவும் யூகோஸ்லாவியாவும் தங்கள் வீரர்களைத் திரும்ப அழைக்கத் தயாராக இருந்தன. எல்லையின் இஸ்ரேலியப் பக்கத்தில் அந்தப் படையை நிறுத்தலாமா என்ற யோசனையை இஸ்ரேல் ஏற்கவில்லை. சட்டப்படி அவர் செய்தது சரி. ஆயினும் என் மனத்தில் ஒரு குறை உண்டு. உலக அமைதிக்கு ஆபத்து என்று தாம் கருதும் எதையும் பாதுகாப்பு மன்றத்தின் முன் கொண்டுவர, சாசனத்தின் 99 ஆம் பிரிவு பொதுச்செயலாளருக்கு அதிகாரம் தருகிறது. அதைப் பயன்படுத்தி, வல்லரசுகளை மேசையில் உட்காரவைத்து, பொறுப்பை அவர்கள் தலையிலும் ஏற்றியிருக்கலாம். பலன் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. அடுத்தவர் பின்வாங்க நேரம் சம்பாதித்துத் தருவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் அந்த வாரத்தில் நேரத்தைச் சம்பாதிக்க முயலவில்லை.

வியட்நாமில் அவர் தோற்றது வேறு வகை. அமெரிக்காவையும் ஹனோயில் இருந்த வட வியட்நாம் அரசையும் ரங்கூனில் சந்திக்கவைக்க எடுத்த முயற்சியை வாஷிங்டன் ஏற்கவில்லை. உண்மை தெரிந்தால் அமெரிக்க மக்களே இந்த இரத்தம் சிந்துதல் தேவையற்றது என்பார்கள் என்று 1965 பிப்ரவரியில் அவர் பகிரங்கமாகச் சொன்னதும் அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசுடன் இருந்த நல்லுறவு கெட்டது.

இனி, தமிழர்களான நமக்கு உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். அவர் நியூயார்க்கில் உலகத்தின் சண்டைகளை விலக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவருடைய நாட்டில் 1962 இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நே வின், 1964 இல் கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கினார். 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதென்றார். தலைமுறை தலைமுறையாக அங்கிருந்த நம் மக்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். எங்கள் பெரியத்தை ரங்கூனில் வாழ்க்கைப்பட்டு, அப்படிச் சென்னைக்குத் திரும்பி, பிறகு மகனுடைய வேலை காரணமாக இங்கு வந்து செந்தூலில் இருந்தவர். ஊ தாண்ட் பேச்சை எடுத்தால் ஒரு வெற்றிலையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டே, “ஊருக்கெல்லாம் பஞ்சாயத்து பண்றவரு நம்ம பர்மாக்காரருன்னு பெருமையாத்தாம்ப்பா பேசிக்கிட்டோம். எங்க கடையில பூட்டுத் தொங்குனப்போ கேக்க ஒரு நாதியில்ல” என்பார். அந்த வருத்தத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது: எந்த நாட்டின் உள்விவகாரத்திலும் ஐ.நா. தலையிடக் கூடாது என்கிறது சாசனத்தின் இரண்டாம் பிரிவு. சொந்த நாட்டு அரசைப் பற்றி ஒரு சொல் பேசினாலும் நடுநிலை தவறியதாகும் என்ற நிலையில் இருந்தவர் அவர். பெரியத்தையிடம் இதைச் சொல்லிப் பார்த்ததுண்டு. “சட்டம் பேசுறாரு வக்கீலு” என்று சிரித்துவிட்டு வெற்றிலையை மடிப்பார்.

அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் நே வின்னின் பகையிலிருந்து அவர் தப்பவில்லை. 1969 இல், பதவி பறிக்கப்பட்ட பழைய நண்பர் ஊ நூ நியூயார்க் வந்து, ஐ.நா. கட்டடத்துக்குள்ளேயே செய்தியாளர்களைக் கூட்டி நே வின் ஆட்சியைத் தாக்கிப் பேசினார். ஊ தாண்ட் அப்போது ஆப்பிரிக்கப் பயணத்தில் இருந்தார்; பிறகு ஊ நூவிடம் அந்தச் செயலைக் குறைகூறவும் செய்தார். நே வின் அதை நம்பவில்லை. எல்லாம் இவருடைய ஏற்பாடு என்றே மனத்தில் வைத்துக்கொண்டார். 1974 நவம்பர் 25 அன்று ஊ தாண்ட் நியூயார்க்கில் புற்றுநோயால் இறந்தார். டிசம்பர் முதல் நாள் உடல் ரங்கூன் வந்தபோது அரசு மரியாதை ஏதும் இல்லை. விமான நிலையத்துக்கு வந்த ஒரே அரசுப் பிரமுகர், அவருடைய பழைய மாணவரான கல்வித் துணையமைச்சர். அதற்காக அவர் பதவியை இழந்தார். ஐந்தாம் தேதி, சாதாரணக் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர்வலம் கிளம்ப இருந்த வேளையில், மாணவர்கள் சவப்பெட்டியைக் கைப்பற்றிப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். பிக்குகளும் பொதுமக்களும் திரண்டனர். 1962 இல் நே வின் வெடிவைத்துத் தகர்த்த மாணவர் சங்கக் கட்டடம் நின்ற இடத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். 11 ஆம் தேதி விடியுமுன் இராணுவம் வளாகத்துக்குள் புகுந்து உடலைத் தோண்டி எடுத்துச் சென்று, ஷ்வேடகோன் பகோடாவின் அடிவாரத்தில் புதைத்தது. நகரில் கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் மாணவர்கள் மடிந்தனர், இராணுவச் சட்டம் வந்தது. வாழ்நாளெல்லாம் சண்டையை விலக்கியவரின் உடலுக்காகவே அவருடைய ஊரில் இரத்தம் சிந்த நேர்ந்தது.

அவர் செய்தவற்றுள் எதை முதலில் வைப்பாய் என்று கேட்டால், கியூபாவை அல்ல, பஹ்ரைனை வைப்பேன். ஈரான் நெடுங்காலமாக அந்தத் தீவைத் தன் மாநிலம் என்று உரிமை கோரி வந்தது. 1968 இல் சூயசுக்குக் கிழக்கேயுள்ள படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தபோது (கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் கலங்கவைத்த அதே அறிவிப்பு) பஹ்ரைன் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. ஈரான் மன்னர் ஷாவுக்குப் போர் வேண்டாம். ஆனால் மண்ணை விட்டுக்கொடுத்தவர் என்ற பெயரும் வேண்டாம். பல மாதம் சத்தமில்லாமல் பேசி, 1970 மார்ச்சில் ஈரானும் பிரிட்டனும் ஊ தாண்டின் நல்லெண்ண முயற்சியைக் கேட்டன. அவர் கண்டறியும் முடிவைப் பாதுகாப்பு மன்றம் ஏற்றால் தாங்களும் ஏற்பதாக முன்கூட்டியே உறுதி தந்தன. அவர் இத்தாலியரான வின்ஸ்பியர் குச்சியார்டியை அனுப்பினார். மூன்று வாரம் தீவில் பலரையும் கேட்ட அவர், மக்களில் மிகப் பெரும்பாலோர் தனிச் சுதந்திர நாட்டையே விரும்புகின்றனர் என்று அறிவித்தார். மன்றத்தைக் கேட்காமல் ஆள் அனுப்பியது முறையல்ல என்று சோவியத் ஒன்றியம் முனகியது. ஆனாலும் 1970 மே 11 அன்று பாதுகாப்பு மன்றம் அந்த அறிக்கையை ஒருமனதாக ஏற்றது. ஈரான் தன் உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பஹ்ரைன் சுதந்திர நாடானது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை, அதனால் இந்தச் செய்தி அன்றைய நாளிதழ்களின் முதல் பக்கங்களில் அதிக நாள் தங்கவும் இல்லை.